மல்லாட்டை எண்ணெயும் இரண்டு மில்லிநொடியும்

தென்னாற்காட்டுக்காரர்கள் நிலக்கடலையை நிலக்கடலை என்று சொல்வதில்லை. மயிலத்திலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அதன் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர் ஒன்று பிலிப்பைன்ஸ் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு நம் செம்மண் மேடுகளுக்கு வந்து, பெயரின் ஓரங்கள் தேய்ந்து, உள்ளூர்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. மயிலம் மலையடிவாரத்துக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் அந்தச் சொல்லைக் கேட்பவர் எவருக்கும் மணிலா நினைவுக்கு வராது.

இந்த மல்லாட்டைக்கும் டீசல் எஞ்சினுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சில செய்திகளை இங்கே தொகுத்துச் சொல்ல விரும்புகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நம் நாவல்களில் கிணறு வருகிறது, கவலை வருகிறது, மாடு வருகிறது. மாட்டை விற்றுவிட்டு வாங்கிய எஞ்சின் மட்டும் பெரும்பாலும் 'டுப் டுப்' என்ற ஓசையோடு நின்றுவிடுகிறது. அந்த ஓசைக்குள் என்ன நடந்தது என்பதும் நம் மண்ணின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு மல்லாட்டையின் சந்தை மார்செய் நகரில் இருந்தது. அங்கிருந்த எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் வேண்டிய கொட்டை புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறியது. 1879-இல் விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைத்த இருப்புப்பாதையில் மல்லாட்டை மூட்டைகளே முக்கியமான சரக்கு. 1890-களில் பழைய விதை நலிந்து விளைச்சல் சரிந்தபோது மொரீஷியஸிலிருந்து புது விதை வந்து பயிரைக் காப்பாற்றியது. ஆக, 1900-ஆம் ஆண்டு என்பது நம் பகுதியில் மல்லாட்டை மறுபடியும் தலையெடுத்துக்கொண்டிருந்த காலம்.

அதே 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒட்டோ நிறுவனம் காட்சிக்கு வைத்திருந்த சிறிய டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. அதைச் சுற்றி இன்று ஒரு கதை உலவுகிறது: ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினைக் கடலை எண்ணெய்க்காகவே கண்டுபிடித்தார், பின்னால் பெட்ரோலிய முதலாளிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள் என்று. கேட்க இனிமையாக இருக்கிறது, உண்மை வேறு. டீசல் தன் காப்புரிமையில் நிலக்கரித் தூளையும் எண்ணெய்களையும் பற்றித்தான் யோசித்தார். 1912-இல் லண்டனில் ஆற்றிய உரையில் பாரிஸ் நிகழ்ச்சியைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். கடலை எண்ணெய் யோசனை பிரெஞ்சு அரசினுடையது. ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் கடலை ஏராளமாக விளைகிறது; அதைக்கொண்டே அங்குள்ள தொழில்களுக்கு விசை கிடைக்குமா என்று பார்க்க விரும்பினார்கள். கனிம எண்ணெய்க்காகக் கட்டப்பட்ட எஞ்சின் அது. எந்த மாற்றமும் செய்யாமல் கடலை எண்ணெயை ஊற்றினார்கள். பார்வையாளரில் மிகச் சிலருக்கே விஷயம் தெரியும் அளவுக்கு அது அமைதியாக ஓடியது.

பிரெஞ்சு அரசின் கண் செனகல் பக்கம் இருந்தது. புதுச்சேரியும் அவர்களுடையதுதான், புதுச்சேரியின் பின்னால் கடலைக் காடே இருந்தது. ஆனால் அந்தக் காடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தென்னாற்காடு. எஞ்சின் அங்கே, கொட்டை இங்கே என்று கதை பிரிந்துபோனது.

நிற்க. அந்த எஞ்சின் எப்படி அத்தனை எளிதாகக் கடலை எண்ணெயை ஏற்றுக்கொண்டது என்ற கேள்வியில்தான் நாம் சொல்ல வந்த செய்தி இருக்கிறது.

டீசல் எஞ்சினின் அடிப்படை எளிமையானது. காற்றை மட்டும் உருளைக்குள் இழுத்துப் பதினைந்து, பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால் அது எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகிவிடும். அந்தக் கணத்தில் எண்ணெயைப் பீச்ச வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் செய்து முடிக்கத்தான் டீசலுக்கு ஆண்டுகள் பிடித்தன. 1893-இல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் காட்டும் கருவியே வெடித்துச் சிதறியது. எண்ணெயை நேரடியாகப் பம்பினால் தள்ளிப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் எண்ணெயை அழுத்தப்பட்ட காற்றோடு சேர்த்து ஊதினார். 1897-இல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அளந்தபோது, எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை அந்த எஞ்சின் வேலையாக மாற்றியது. பெரும்பாலான நீராவி எஞ்சின்கள் பத்து விழுக்காட்டைச் சுற்றியே நின்ற காலம் அது.

காற்றால் ஊதுவதில் ஒரு தாராளம் உண்டு. எண்ணெய் தடிப்பாக இருந்தாலும் வேகமாகப் பாயும் காற்று அதைக் கிழித்துத் துளியாக்கிவிடும். ஆகவே கடலை எண்ணெயோ கனிம எண்ணெயோ அந்த எஞ்சினுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. விலை என்னவென்றால், காற்றை அழுத்த ஒரு தனி இயந்திரம் வேண்டும். அது பருமன், செலவு, எஞ்சினின் சக்தியிலும் ஒரு பங்கை விழுங்கிவிடும். கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் பொருந்தும், கிணற்றுமேட்டுக்குப் பொருந்தாது.

நம் கிணற்றுமேட்டுக்கு முதலில் வந்தது வேறொரு வம்சம். ஆங்கிலேயரான ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890-இல் காப்புரிமை பெற்று, ஹார்ன்ஸ்பி நிறுவனம் செய்து விற்ற எண்ணெய் எஞ்சின் அது. அதன் தலையில் ஒரு குமிழ் இருக்கும். ஊதுவிளக்கால் அந்தக் குமிழைப் பழுக்கக் காய்ச்சிவிட்டுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். எண்ணெய் குறைந்த அழுத்தத்தில் சூடான குமிழுக்குள் விழுந்து ஆவியாகும். நுண்ணிய பீச்சலே தேவையில்லை. சூடே வேலையைச் செய்துவிடும். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக் கிணறுகளில் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் வைத்து இறைத்துக் காட்டினார். கவலை மாட்டின் செலவு எவ்வளவு, எஞ்சினின் செலவு எவ்வளவு, எந்த ஆழத்துக் கிணற்றுக்கு எது கட்டும் என்று வேளாளர் கணக்கும் பொறியாளர் கணக்கும் சேர்த்துப் போட்ட மனிதர் அவர். அரசே தொழில் வளர்ப்பதா என்று 1910-இல் இந்தியச் செயலர் மார்லி முகம் சுளிக்க, 1912-இல் சாட்டர்டன் மைசூருக்குப் போய்விட்டார். அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கும் குரோம் தோல் பதனிடலுக்கும் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் கிணற்றுக்கும் வைத்திருக்கலாம்.

அந்த எஞ்சின்கள் குடித்தது மண்ணெண்ணெயும் மலிவான கனிம எண்ணெயும். ஊர்ப்புறத்தில் வழங்கிய 'குரூடாயில்' என்ற சொல் அந்த உறவின் எச்சம். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, நடுவில் கிணறு, கிணற்றில் கடல் கடந்து வந்த எண்ணெய். கணக்கு போட்டுப் பார்த்தால் இது அவ்வளவு விசித்திரமில்லை என்பதும் தெரியும். நூறு கிலோ மல்லாட்டையை உரித்தால் எழுபது கிலோ பயறு. அதைச் செக்கிலிட்டால் முப்பது கிலோ எண்ணெய். இன்றைய ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு கிலோ கடலை எண்ணெய் கேட்கும். நூறு கிலோ கொட்டைக்கு முப்பது மணி நேர இறைப்பு. மார்செய் விலை தெரிந்த குடியானவர் எவரும் அந்த எண்ணெயை எஞ்சினில் ஊற்ற மாட்டார்.

ஆனாலும் விலை மட்டுமே காரணமன்று என்பது நம் துணிபு. இன்னொரு கதவும் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. அதை மூடியது எஞ்சினின் முன்னேற்றமே.

காற்றழுத்தியும் ஊதுவிளக்கும் இல்லாத சிறிய டீசல் எஞ்சின் வேண்டுமென்றால் எண்ணெயை எண்ணெயாகவே, மிக உயர்ந்த அழுத்தத்தில், ஊசித் துளை வழியே தள்ள வேண்டும். விக்கர்ஸ் நிறுவனத்தின் மெக்கெக்னி 1910-இல் அந்த வழியைக் காட்டினார். அதைத் தொழிற்சாலைச் சரக்காக ஆக்கியது ஸ்டுட்கார்ட்டின் ராபர்ட் போஷ் நிறுவனம். 1927-இல் போஷ் பம்பு தொடர் உற்பத்திக்கு வந்தது. டீசல் எஞ்சின் லாரிக்குள்ளும் டிராக்டருக்குள்ளும் கிணற்றுமேட்டுக்கும் இறங்கியது அதற்குப் பிறகே. போஷ் கூட்டுறவோடு 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப்பெயர், மைக்கோ, தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் வாயில் பம்புக்கும் நாசிலுக்கும் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. நிறுவனம் 2008-இல் போஷ் என்று பெயர் மாறிய பிறகும் 'மைக்கோ நாசில்' மறையவில்லை.

அந்தப் பம்புக்குள் உலக்கைபோல் ஏறியிறங்கும் தண்டும் அதன் குழலும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. மெக்கானிக்குகள் அந்த ஜோடியை 'எலிமென்ட்' என்பார்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. ஒரு ஜோடியின் தண்டை இன்னொன்றின் குழலில் போட முடியாது.

நாசிலைச் சோதிக்கும் மேசையைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: கைப்பிடியை அமுக்க, அழுத்தமானியின் முள் இருநூறைத் தாண்ட, நாசில் 'கிர்ர்' என்று அதிர்ந்து எண்ணெயைப் புகையாகக் கக்கும். தேர்ந்த மெக்கானிக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதிர்வில்லாமல் சொட்டினால் அந்த நாசில் கெட்டது. அந்தப் புகையின் குறுக்கே கையை நீட்டக்கூடாது என்பதும் பாலபாடம். எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

உள்ளே நடப்பதைச் சற்று நின்று பார்க்கலாம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் ஐந்து குதிரைத்திறன் எஞ்சினில் நிமிடத்துக்கு 750 பீச்சல். ஒவ்வொரு பீச்சலிலும் போவது சுமார் 25 கன மில்லிமீட்டர், அதாவது கண்மருந்துத் துளியில் பாதி. அதற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மில்லிநொடி. அந்த அரைத்துளி, மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளிகளாக உடைகிறது என்று கொள்வோம். அறுபது லட்சம் துளிகள் கிடைக்கும். உடைவதற்கு முன் அதன் மேற்பரப்பு ஒரு சிறு பொத்தானின் அளவு; உடைந்த பின் மொத்த மேற்பரப்பு ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவு, சுமார் 180 மடங்கு. சூடு நுழைவதும் எண்ணெய் ஆவியாவதும் மேற்பரப்பு வழியேதான். துளியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் அது ஆவியாகும் நேரம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். இரண்டு மூன்று மில்லிநொடியில் முடிய வேண்டிய காரியத்தில் நான்கு மடங்கு என்பது தோல்வி.

கடலை எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. காற்றாலோ சூட்டாலோ அல்லாமல் துளையின் நுண்மையால் மட்டுமே எண்ணெயை உடைக்கும் எஞ்சினில் அந்தப் பத்து மடங்கு வினையாகிறது. பீச்சல் கூம்பாக விரியாமல் கயிறாக நீள்கிறது, துளி பெருக்கிறது, ஆவியாகாத எண்ணெய் பிஸ்டன் மேலும் சுவர் மேலும் போய் விழுகிறது. முதல் நாள் எஞ்சின் நன்றாகவே ஓடும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்தார்கள். மணிக்கணக்கு ஏற ஏற நாசில் துளையின் வாயில் கரி எக்காளம்போல் வளரும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். கீழே வடிந்த எண்ணெய் மசகெண்ணெயோடு கலந்து கூழாகும். பாரிஸில் அமைதியாக ஓடிய எண்ணெய் பிற்காலத்து எஞ்சினில் ஓடாமற்போனது இதனால். எண்ணெய் மாறவில்லை, நாசில் மாறிவிட்டது.

இதைத் தாண்டும் வழி முன்பே தெரிந்திருந்தது. 1937-இல் பெல்ஜியத்தின் ஷாவான் என்பவர் பனையெண்ணெயைச் சாராயத்தோடு வினைபுரியச் செய்து மெலிதாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்; 1938-இல் பிரசல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பேருந்து அதில் ஓடியது. இன்று பயோடீசல் என்கிறோமே, அதுதான். போர்க்காலத்தில் இந்தியாவிலும் பேச்சு எழுந்தது; 1942-இல் சௌத்ரி, முகர்ஜி, அகர்வால், வெர்மன் ஆகிய நால்வர் இந்தியத் தாவர எண்ணெய்களை டீசல் எஞ்சினில் எரிப்பது பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். போர் முடிந்தது, பெட்ரோலியம் மலிந்தது, எல்லோரும் மறந்தார்கள்.

பீச்சலை நேரில் பார்க்கும் ஆய்வு இதற்கிடையே தனியாக வளர்ந்தது. 1920, 30-களில் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் பீச்சலைப் படம் பிடித்தார்கள். ஆயினும் எரியும் பீச்சலின் உட்புறம் நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது: நடுவில் திரவம், சுற்றிலும் ஒவ்வொன்றாய் எரியும் துளிகள் என்று பாடநூல்கள் படம் போட்டன. 1997-இல் கலிபோர்னியாவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் ஜான் டெக், லேசர் ஒளித்தகட்டால் அந்தப் படத்தைக் கலைத்தார். திரவம் நாசிலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே முற்றிலும் ஆவியாகிவிடுகிறது. ஆவி காற்றோடு கலந்து, காற்று போதாமலேயே பாதி எரிந்து, உள்ளே புகைக்கரியை உண்டாக்குகிறது. வெளி விளிம்பில் மெல்லிய சுடர்ப்போர்வை அதை எரிக்கிறது. எஞ்சியது கரும்புகையாக வெளியே வருகிறது. நூறாண்டு ஓடிய எஞ்சினின் நெருப்பு எப்படி இருக்கும் என்று மனிதர்கள் கண்டது அதன் நூற்றாண்டு விழாவுக்குச் சற்று முன்பின்னாகத்தான்.

நம் பக்கத்தில் இந்த ஆய்வின் வீடு 1959-இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி. அங்கே உள்ளெரி எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் தாவர எண்ணெய்களைத் தலைமுறைகளாகச் சோதித்திருக்கிறார்கள். 2003-இல் செந்தில்குமார், ரமேஷ், நாகலிங்கம் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை ஒன்று காட்டாமணக்கு எண்ணெயை எடுத்துக்கொண்டது. எண்ணெயை அப்படியே ஊற்றினால் திறன் சுமார் 27 விழுக்காடு, மெலிதாக்கிய பின் 29, புகையும் குறைந்தது. இரண்டு விழுக்காடு அற்பமாகத் தோன்றலாம். பின்னிருப்பது துளியின் குறுக்களவுதான். அங்கே பயின்று, பின்னர் கிர்லோஸ்கரிலும் அசோக் லேலண்டிலும் எஞ்சின் வடிவமைத்த பி.ஏ. லட்சுமிநாராயணன், யோகேஷ் ஆகவுடன் சேர்ந்து 2010-இல் டீசல் எரிப்பைக் கணிக்கும் முறைகள் பற்றி எழுதிய நூல் ஸ்பிரிங்கர் வெளியீடாக வந்தது. சிறிய எஞ்சினில் பீச்சல் சுவரை முட்டும்போது கலப்பு எப்படி மாறுகிறது என்பது அதில் நுணுகிப் பேசப்படும் பொருள்களில் ஒன்று. இரண்டு தலைமுறைத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் காதால் அறிந்ததைச் சமன்பாடாகப் பார்க்கும் அனுபவம் அதைப் படிப்பவருக்குக் கிடைக்கும்.

அதற்குள் மயிலத்துக் கிணறுகளில் எஞ்சின் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. மின்கம்பிகள் வந்தன, 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. மைய அரசின் திட்டக்குழு 2003-இல் காட்டாமணக்கைத் தரிசு நிலங்களின் தெய்வமாக அறிவித்து, 2011-12-க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல் என்று இலக்கு வைத்தது. தமிழ்நாட்டிலும் நட்டார்கள். தண்ணீரில்லாத நிலத்தில் செடி நின்றது, காய் நிற்கவில்லை. அந்தத் திட்டம் தீட்டியவர்கள் எஞ்சினைப் பற்றி அறிந்த அளவுக்குத் தரிசைப் பற்றி அறியவில்லை என்றே நாம் கருதுகிறோம். 2018-இன் தேசியக் கொள்கை 2030-க்குள் ஐந்து விழுக்காடு என்று இலக்கைத் தாழ்த்திக்கொண்டது.

நாசிலோ இன்னும் நுண்மையை நோக்கியே போய்க்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கின் மேசையில் இருநூறு காட்டிய அழுத்தம், காமன் ரெயில் முறை வந்தபின் ஆயிரத்தைத் தாண்டி இரண்டாயிரத்தையும் கடந்துவிட்டது. ஒரே பீச்சலைக் கணினி நான்கைந்தாகப் பிரித்து அனுப்புகிறது. 2020 ஏப்ரலில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலைத் தரம் டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள் அடக்கியது. பயோடீசல் கலப்புக்கு ஏழு விழுக்காடு வரை இடம் கொடுத்தது. இத்தகைய எஞ்சினில் செக்கெண்ணெயை ஊற்றினால் இன்ஜெக்டர் நெடுநாள் தாங்காது. 1900-இல் திறந்தே கிடந்த கதவில் இப்போது ஒரு கீற்றுத்தான் மிச்சம்.

திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற மல்லாட்டை, குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கியெடுத்தது. டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தின் சுருக்கம். அந்த ரகம் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஆனாலும் இன்று இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேலும், சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது. மார்செய்க்குக் கப்பலேற்றிய கடற்கரை இது.